கம்பெச்சே போகும் பஸ்ஸிலிருந்து அப்பா இறங்கினார்

மெக்சிக்கோவின் மெரிடா நகரத்துக்கு ஏப்ரலில் போகாதீர்கள். மே மாதம் போகவே போகாதீர்கள். போய் வந்த படங்களைப் போட்ட நாளிலிருந்து எனக்கு வரும் மெசேஜ்கள் எல்லாவற்றிலும் ஒரே கேள்விகள்தான்: குடும்பத்தோடு மலிவாய்ப் போகலாமா, வெக்கை தாங்குமா, பயமில்லையா? மலிவாய்ப் போகலாம். வெக்கை தாங்காது. மூன்றாவது கேள்விக்குத்தான் கொஞ்சம் நீளமாக எழுத வேண்டியிருக்கிறது. பொறுமையில்லாதவர்கள் கடைசிக்குப் போங்கள், நானும் அப்படித்தான் வாசிப்பேன்.

ஏன் ஏப்ரல் என்றால், தங்கச்சி தர்ஷிக்குப் பள்ளிக்கூட விடுமுறை அப்போதுதான். ஏன் மெக்சிக்கோ என்றால், பதினோராம் வகுப்பில் அவள் ஸ்பானிஷ் படிக்கிறாள். வீட்டில் வேறு ஒருவருக்கும் போக வேண்டிய ஊர் என்று ஒன்று இருக்கவில்லை. நாங்கள் நால்வரும் இலங்கையிலிருந்து படகில் இங்கே வந்தவர்கள். பத்து வருடத்துக்கு மேல் தற்காலிக வீசாவில் இருந்தோம். வெளியே போனால் திரும்பி உள்ளே விடுவார்களா என்பது நிச்சயமில்லை, ஆகவே போகவில்லை. போன வருடம்தான் குடியுரிமை கிடைத்தது. பாஸ்போட் வந்த அன்று அப்பா அதைச் சாமித்தட்டில் வைத்தார். நான் அன்றைக்கே ரிக்கற் தேடத் தொடங்கினேன். மெல்பேர்ணிலிருந்து லொஸ் ஏஞ்சலீஸ், மெக்சிக்கோ சிற்றி வழியாக மெரிடா, போய்வர ஒருவருக்கு 1,940 டொலர். மூன்று விமானம், காத்திருந்த நேரத்தோடு சேர்த்து முப்பத்தோரு மணித்தியாலம்.

ரிக்கற் எடுத்த கையோடு நாங்கள் இருக்கும் கிரான்பர்ன் முழுவதும் பயம் தொற்றிக்கொண்டது. த பேசின் என்ற இடத்துப் பிள்ளையார் கோயிலில் அன்னதான வரிசையில் நின்றபோது ஒரு அங்கிள் என்னைப் பிடித்துக்கொண்டார். "தம்பி, அங்க ஆக்களைக் கடத்திப்போட்டுக் காசு கேக்கிறவங்கள். காசு குடுத்தாலும் பாதி ஆள்தான் திரும்பி வரும்."

"எந்தப் பாதி, அங்கிள்?" என்றாள் தர்ஷி.

அம்மா சிரிக்கவில்லை. யுக்கட்டான் மாநிலம் அந்த நாட்டிலேயே அமைதியான பகுதிகளில் ஒன்று என்று எல்லாரும் எழுதியிருக்கிறார்கள், நான் ஒரு வாரம் அதையே தேடித் தேடி வாசித்தேன். அம்மாவிடம் காட்டினேன். எழுதினவன் யார், அவனுக்குப் பிள்ளைகள் இருக்கோ என்று கேட்டார். பிறகு எங்கள் எல்லாருடைய காற்சட்டைகளுக்கும் உட்பக்கம் ஒரு பொக்கற் தைத்தார், பாஸ்போட் வைக்க. அப்பா கேட்டது வேறு. ஆளுக்கு ஒரு பை என்றால் எத்தனை கிலோ கொண்டு போகலாம் என்று மட்டும் கேட்டார். நால்வரில் பயமில்லாத ஆள் அவர்தான் என்று நான் நினைத்துக்கொண்டேன்.

மெரிடா விமான நிலையத்திலிருந்து நகரின் நடுப்பகுதிக்கு எட்டுக் கிலோமீற்றர்தான். டாக்சிக்கு 250 பேசோ, அதாவது இருபது டொலர். பகல் மூன்று மணி, 41 பாகை. மெல்பேர்ணிலும் 41 வரும்தானே என்று நினைப்பீர்கள். மெல்பேர்ண் வெயில் காய்ந்தது, பின்னேரம் தெற்குக் காற்று வந்தால் முடிந்துவிடும். இது ஈரமான வெயில், இரவிலும் போகாது. டாக்சியை விட்டு இறங்கினால் இடியப்பச் சட்டிக்கு மேல் முகத்தைப் பிடித்ததுபோல இருக்கும்.

தங்கியது நகரச் சதுக்கத்திலிருந்து நாலு தெரு தள்ளி ஒரு பழைய வீட்டில் நடத்தும் ஹொஸ்டலில். நாலு கட்டில் போட்ட தனி அறை, ஒரு நாளுக்கு 900 பேசோ. நடு முற்றத்தில் ஊஞ்சல் படுக்கைகள், பொதுக் குசினி, இருபது லீற்றர் தண்ணீர்ப் போத்தல் இலவசம். ஏசி இரவு ஒன்பதிலிருந்து காலை எட்டு வரை மட்டும். இதை முன்பதிவுப் பக்கத்தில் சின்ன எழுத்தில் போட்டிருப்பார்கள், பாருங்கள். அந்த ஏசி முதல் இரவு ஓடியது, குளிரவில்லை. நான் ஏசி மெக்கானிக், எனக்கு இந்த விஷயத்தில் பொறுமை கிடையாது. கதிரையில் ஏறி மூடியைக் கழற்றினேன். ஃபில்டரில் கம்பளிபோலத் தூசி. குளியலறையில் கழுவித் திரும்பவும் பூட்டியதும் குளிர்ந்தது. காலையில் ஹொஸ்டலை நடத்தும் லூப்பே என்ற பெண்மணி செய்தியறிந்து, மற்ற ஆறு அறைகளையும் விரலால் காட்டினார். விடுமுறையில் ஃபில்டர் கழுவினேன். அதற்குப் பிறகு பகலிலும் எங்கள் அறையில் ஏசி போட விட்டார்.

எங்கள் நாள் இப்படித்தான் போனது: காலை ஆறு மணிக்கு வெளியே, பத்தரைக்குள் திரும்பி உள்ளே, ஐந்து மணிவரை படுக்கை, பிறகு மறுபடி வெளியே. இதை மாற்றப் பார்த்தால் மயங்கி விழுவீர்கள். இரண்டாம் நாள் தர்ஷி சந்தையில் சுவரைப் பிடித்துக்கொண்டு நிலத்தில் இருந்துவிட்டாள். மருந்துக்கடையில் விற்கும் உப்புக் கரைசல் போத்தல் முப்பது பேசோ, அதைக் குடிக்கக் கொடுத்தோம். அம்மாவுக்குச் சந்தை பிடித்திருந்தது. புளி, தேங்காய், வாழைக்காய், எங்கள் கொச்சிக்காயை விட உறைப்பான ஒரு செம்மஞ்சள் மிளகாய், எல்லாம் இருந்தன. கிரான்பர்னிலிருந்து கொண்டு வந்த வறுத்த அரிசிமாவில் ஹொஸ்டல் குசினியில் புட்டு அவித்தார். நாலு பேருக்குச் சாப்பாட்டுச் செலவு ஒரு நாளைக்கு 400 பேசோவைத் தாண்டவில்லை. வெளியில் சாப்பிட்டாலும் மத்தியானச் சாப்பாடு, சூப்போடும் குடிக்கும் பழத்தண்ணீரோடும், ஆளுக்கு 95 பேசோதான்.

பயம் மெல்ல மெல்லக் கழன்றுகொண்டிருந்தது. ஐந்தாம் நாள் அம்மா தனியாகச் சந்தைக்குப் போய் வந்தார். ஆறாம் நாள் கம்பெச்சே போனோம்.

கம்பெச்சே கடற்கரைப் பட்டினம், மெரிடாவிலிருந்து 180 கிலோமீற்றர், இரண்டரை மணித்தியாலம். முதல்வகுப்பு பஸ், ஆளுக்கு 340 பேசோ. இரண்டு இரவு அங்கே தங்கிவிட்டுத் திரும்பி வந்து விமானம் ஏறுவது திட்டம். காலை எட்டு மணி பஸ். உள்ளே ஏசி, நான் சொல்வதென்றால் அளவுக்கு மிஞ்சிய ஏசி, பதினேழு பாகை இருக்கும். யன்னல்களுக்குத் திரை, மேலே ஒரு படம் ஓடிக்கொண்டிருந்தது. அப்பாவும் அம்மாவும் முன் கதிரைகளில், நானும் தர்ஷியும் பின்னால். அப்பா நித்திரை.

ஒரு மணித்தியாலம் கழிந்திருக்கும். பஸ் வேகம் குறைந்து நின்றது. திரையை விலக்கிப் பார்த்தேன். வீதியில் சிவப்புக் கோன்கள், இரண்டு பக்கமும் மணல் மூட்டைகள், ஒரு தறப்பாள் கொட்டில், நீளத் துவக்குகளோடு பச்சைச் சீருடையில் ஆறேழு பேர். இராணுவமா பொலிஸா என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. இப்படிச் சோதனைச் சாவடிகள் இருக்கும், சும்மா இருந்தால் போதும், ஒருவர் ஏறிப் பார்த்துவிட்டு இறங்கிவிடுவார் என்று வாசித்திருந்தேன். பஸ்ஸில் ஒருவரும் அசையவில்லை. படத்தைக்கூட நிறுத்தவில்லை.

அப்பா எழும்பினார். ரொயிலற்றுக்குப் போகிறார் என்று நினைத்தேன், ஆனால் ரொயிலற் பின்னால் இருந்தது. அவர் மேலே தட்டிலிருந்து தன் பையை எடுத்தார், முன்னால் நடந்து, சாரதி அப்போதுதான் திறந்துவிட்ட கதவால் இறங்கினார்.

நான் யன்னலால் பார்த்தேன். அப்பா தொப்பியைக் கழற்றிக் கமக்கட்டுக்குள் வைத்துக்கொண்டு, பாஸ்போட்டைப் படமுள்ள பக்கத்தில் விரித்து நெஞ்சுக்கு நேரே பிடித்தபடி, வீதியோரமாகச் சாவடியைத் தாண்டி நடந்துகொண்டிருந்தார். பஸ் பின்னால் வந்து தடைக்கு அந்தப் பக்கம் ஏற்றிக்கொள்ளும் என்பதுபோல. சீருடைக்காரர் ஒருவர் கூப்பிட்டார். அப்பா உடனே நின்றார். பையை நிலத்தில் வைத்தார், அதிலிருந்து இரண்டடி தள்ளி நின்றார், பாஸ்போட்டோடு இரண்டு கைகளையும் தூக்கி, முதுகைக் காட்டித் திரும்பினார். இதில் ஒன்றையும் அவரிடம் ஒருவரும் கேட்கவில்லை.

அதுவரை அந்த ஆட்கள் அலுப்பில் நின்றவர்கள். இப்போது துவக்குகளைப் பிடித்த விதம் மாறியது. ஒருவர் பையைக் காலால் தள்ளிப் பார்த்தார். இருவர் அப்பாவின் இரண்டு பக்கமும் வந்து அவரைக் கொட்டிலுக்குள் கொண்டு போனார்கள். வாசல் தறப்பாள் விழுந்தது.

நான் எழும்பி விட்டேன். என்ன சொல்லுவேன் என்று தெரியாது, ஆனால் எழும்பி விட்டேன். அம்மா திரும்பி என் சேட் நுனியைப் பிடித்தார். அவர் கத்தவில்லை. குரல் வழமையான குரல், அரிசி கழுவு என்று சொல்லும் குரல்.

"நீ இறங்காதை. ஆம்பிளைப் பிள்ளை போனா ரெண்டு பேரையும் வைச்சிருப்பாங்கள். பொம்பிளையள்தான் போய்க் கேக்கோணும். நானும் தர்ஷியும் போறம்."

"அம்மா, இது மெக்சிக்கோ" என்றேன்.

"எதெண்டாலும் நீ இரு."

அவர்கள் இறங்கிப் போனார்கள். அம்மா முன்னால், தர்ஷி பின்னால். தர்ஷிக்குப் பதினேழு வயது, அவளுடைய ஸ்பானிஷ் குடும்பம், பொழுதுபோக்கு, காலநிலை என்ற அளவுதான். தறப்பாளை ஒரு கை தூக்கியது, இருவரும் உள்ளே போனார்கள், மறுபடி விழுந்தது. இப்போது மூன்று பேரும் அங்கே, நான் இங்கே.

என்னால் சும்மா இருக்க முடியாது, வேலையிலும் எல்லாரும் சொல்வார்கள். தூதரகத்தைத் தேடினேன்; ஆயிரம் கிலோமீற்றருக்கு அப்பால், தலைநகரில். ஃபோனில் "என் அப்பா குற்றவாளி இல்லை" என்று தட்டி ஸ்பானிஷ் ஆக்கினேன். அதை வாசித்துப் பார்த்துவிட்டு அழித்தேன். அப்படி ஒரு வசனத்தோடு வருபவனைப் பற்றி என்ன நினைப்பார்கள்? சாரதி வந்து கைக்கடிகாரத்தைக் காட்டி ஏதோ சொன்னார். இன்னும் கொஞ்ச நேரம்தான் நிற்கலாம் என்பதாக இருக்கலாம், கொஞ்ச நேரத்தில் முடிந்துவிடும் என்பதாகவும் இருக்கலாம். பக்கத்துக் கதிரைப் பெண்மணி மிளகாய்த்தூள் போட்ட மாங்காய்த் துண்டுகளை நீட்டினார். வாங்கிக் கையில் வைத்திருந்தேன். நான் இறங்கவில்லை. கதவு திறந்துதான் இருந்தது.

உள்ளே நடந்தது தர்ஷி சொல்லித்தான் எனக்குத் தெரியும். அப்பாவுக்கு இங்கிலீஷ் போய்விட்டது. பன்னிரண்டு வருடம் வெயார்ஹவுஸில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டிப் பேசிய இங்கிலீஷ், ஒரு சொல்லும் வரவில்லை. ஏன் இறங்கினாய், பையில் என்ன, யாரிடமிருந்து ஓடுகிறாய் என்று கேட்கிறார்கள். அவர் தமிழில், அடையாள அட்டை இலக்கத்தை, பழைய இலங்கை இலக்கத்தை, திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தாராம். பையைக் கொட்டியிருந்தார்கள். ஹொஸ்டலில் எறும்பு ஏறும் என்று அம்மா எடுத்து அந்தப் பைக்குள் வைத்திருந்த அரிசிமா, பொலித்தீன் பையில், மேசையில் இருந்தது. எல்லாரும் அதையே பார்த்துக்கொண்டு நின்றார்கள். அம்மா ஒருவரிடமும் கேட்காமல் பையை அவிழ்த்து, ஒரு பிடி அள்ளித் தன் வாயில் போட்டுச் சாப்பிட்டார். பிறகு இன்னொரு பிடி அள்ளி, பெரியவர் மாதிரி இருந்தவரிடம் நீட்டினார். அவர் வாங்கவில்லை, ஆனால் மாவை மேசையின் ஓரத்துக்குத் தள்ளிவிட்டாராம்.

தர்ஷி தனக்குத் தெரிந்த சொற்களை வைத்துக் கட்டியது இவ்வளவுதான்: எங்கள் பழைய நாட்டில் யுத்தம். அங்கே பஸ் நின்றால் எல்லாரும் இறங்கி நடக்க வேண்டும். என் அப்பா நல்ல பயணி. "நல்ல மனிதர்" என்று சொல்ல நினைத்தாளாம், பதற்றத்தில் அந்தச் சொல் வரவில்லை.

அந்தப் பெரியவர் பாஸ்போட்டைப் பார்த்தார். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்று இருந்ததைப் பார்த்தார். அப்பாவுக்கு ஒரு கதிரை கொடுக்கச் சொன்னார். தண்ணீர் கொடுத்தார்கள். அப்பா கதிரையில் இருக்கவில்லை. அம்மா சொன்ன பிறகுதான் இருந்தார்.

மூவரும் பஸ்ஸுக்குள் ஏறியபோது சாரதி கதவை மூடினார், படம் தொடர்ந்து ஓடியது. அப்பாவின் சேட் முதுகோடு ஒட்டியிருந்தது. கடதாசிக் குவளையைக் கம்பெச்சே வரைக்கும் கையில் வைத்திருந்தார்.

கம்பெச்சே அழகான ஊர். பழைய கோட்டை மதில், மஞ்சளும் நீலமுமாய் வீடுகள், மூன்று கிலோமீற்றருக்கு மேல் நீளும் கடலோர நடைபாதை. எனக்கு அதில் ஒன்றும் ஏறவில்லை. பின்னேரம் கடலோரச் சுவரில் நானும் அப்பாவும் இருந்தோம். நான் சுற்றிவளைக்கத் தெரியாதவன், நேரே கேட்டேன். ஒருத்தரும் இறங்கவில்லையே, நீங்கள் மட்டும் ஏன் இறங்கினீர்கள்?

அவர் கடலைப் பார்த்தபடி சொன்னார்: "முதல் இறங்கிறவனைப் பிடிச்சா அவங்களுக்கு அலுவல் முடிஞ்சிடும். பிறகு உள்ளுக்க ஏறிப் பாக்க மாட்டாங்கள்."

எனக்கு விளங்கவில்லை.

"உனக்கு இப்ப இருபத்தினாலு" என்றார். "அந்த வயசு ஆக்களைத்தான் தேடிறவங்கள்."

நித்திரைக் கலக்கத்தில் பழக்கத்துக்கு இறங்கிவிட்டார் என்றுதான் நாங்கள் மூவரும் நினைத்திருந்தோம். தர்ஷி கொட்டிலுக்குள் அதைத்தான் சொன்னாள். பழக்கம்தான், ஆனால் யோசித்துச் செய்த பழக்கம்.

திரும்பும் வழிதான் உண்மையான பிரச்சினை. மெரிடாவுக்குப் போக அதே வீதிதான். டாக்சி விசாரித்தேன், அதுவும் அதே சாவடியில்தான் நிற்கும். பஸ் ஏறுமுன் தர்ஷி அப்பாவுக்குப் பாடம் எடுத்தாள்: எழும்பக் கூடாது, பாஸ்போட் கேட்டால் மட்டும் எடுக்க வேண்டும், சிரிக்கத் தேவையில்லை. அப்பா எல்லாவற்றுக்கும் ஓம் என்றார். ஒரு நிபந்தனை மட்டும் போட்டார். நான் யன்னல் பக்கம் இருக்க வேண்டும், திரை மூடியிருக்க வேண்டும், அவர் நடைபாதைப் பக்கம் இருப்பார். எனக்கு யன்னல் பக்கம் கால் நீட்ட இடம் போதாது, நான் ஆறடி. சொன்னேன். "இரு" என்றார். இருந்தேன்.

பஸ் நின்றபோது அப்பாவின் கை என் தொடைக்கு மேல் வந்து அழுத்தியது. இந்த முறை ஒருவர் ஏறினார், இளம் ஆள், என் வயதுதான் இருக்கும். கதிரை கதிரையாகப் பார்த்துக்கொண்டு வந்து எங்களருகே நின்றார். அப்பாவைப் பார்க்கவில்லை. அவருக்கு மேலால் கையை நீட்டி என்னிடம் பாஸ்போட் கேட்டார். அப்பா அரைவாசி எழும்பினார். பின் கதிரையிலிருந்து அம்மா அவருடைய சேட்டைப் பிடித்து இழுத்தார்.

அம்மா தைத்த பொக்கற்றிலிருந்து பாஸ்போட்டை எடுக்க எனக்கு நிறைய நேரம் எடுத்தது. அந்த இளம் ஆள் அதைப் பார்த்தார், என் முகத்தைப் பார்த்தார், ஏதோ கேட்டார். எனக்கு விளங்கவில்லை. தர்ஷி பின்னாலிருந்து பதில் சொன்னாள். அவர் பாஸ்போட்டைத் திருப்பித் தந்துவிட்டுப் பின் வரிசைக்குப் போனார்.

பஸ் கிளம்பிய பிறகு என்ன கேட்டார் என்று கேட்டேன்.

"இவ்வளவு குளிருக்குள்ள இவன் ஏன் வேர்த்துக் கொட்டுறான் எண்டு" என்றாள்.

"நீ என்ன சொன்னனி?"

"பயப்படுறான் எண்டு."

அப்பா அதற்குப் பிறகும் கையை எடுக்கவில்லை. மெரிடா நகர எல்லையில் திரும்பிப் பார்த்தேன், என் தொடையில் கையை வைத்தபடியே நித்திரையாகியிருந்தார். நான் காலை அசைக்காமல் இருந்தேன்.

இனி, போக நினைப்பவர்களுக்கு. டிசம்பர், ஜனவரியில் போங்கள். நாலு பேருக்கு ஒரு நாளைக்கு 150 டொலர் போதும், விமானம் தனி. ஹொஸ்டல் ஏசி நேரத்தைக் கேட்டுவிட்டுப் பணம் கட்டுங்கள். குழாய்த் தண்ணீர் குடிக்காதீர்கள். கொண்டு போகும் மாவை, கடையில் வாங்கி உடைக்காத பைக்கற்றில் கொண்டு போங்கள். சோதனைச் சாவடியில் பஸ் நின்றால் கதிரையில் இருங்கள், அவ்வளவுதான் அங்கே விதி. எங்களை ஒருவரும் அடிக்கவில்லை, காசு கேட்கவில்லை. அந்த ஊருக்குப் பயப்பட எனக்கு ஒரு காரணமும் கிடைக்கவில்லை.

ஆனால் உங்கள் அம்மா அப்பா எங்களுடையவர்களைப் போன்றவர்கள் என்றால், வீதியில் சாவடி இருக்கும் என்பதை ரிக்கற் எடுக்கும்போதே அவர்களிடம் சொல்லுங்கள். ஒன்றும் நடக்காது என்று விளக்கப் போகாதீர்கள், அது அவர்களுக்கு உதவாது. யார் எந்தக் கதிரையில் இருக்க வேண்டும் என்று கேளுங்கள். உங்களுக்குக் கால் நீட்ட முடியாவிட்டாலும் அவர்கள் சொல்லும் கதிரையில் இருங்கள்.